தலைவர் மேல ஒரு மனு

ஆமா அண்ணாச்சி, கலெக்டர்கிட்ட மனு பதியுற வரிசை இதுதான். எனக்குப் பின்னால நின்னுக்கிடுங்க. வாசல்ல உங்க பையையும் தொழாவிப் பாத்தானா அந்தப் போலீஸ்காரத் தம்பி? மண்ணெண்ணெய் கொண்டுட்டு வாராங்களான்னு பாக்கான். என் பையில என்ன இருக்கு, தூக்குச்சட்டியில சோறு இருக்கு, ஒரு சட்டப் புத்தகம் இருக்கு. சோத்தைக் கூட விட்டுட்டான், புத்தகத்தை ரெண்டு தடவை புரட்டிப் பாத்தான். இந்த ஊர்ல சட்டப் புத்தகத்துக்குத்தான் பயம் போல.

நீங்க என்ன சோலியா வந்திய? பட்டா மாறுதலா. அது நடந்துரும், கொஞ்சம் அலைய விடுவாவ, அவ்வளவுதான். என் கதைதான் சிக்கல். வெளிய வேப்பமரத்தடியில மேசை போட்டு மனு எழுதிக் குடுக்கான் பாத்தியளா, கண்ணாடி போட்டவன். "யார் மேல மனு?"ன்னு கேட்டான். "எங்க ஊர் பாசனச் சங்கத் தலைவர் மேல"ன்னேன். "நீங்க யாரு?"ன்னான். "தலைவர்"ன்னேன். பேனாவை மூடி வச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான். "அண்ணாச்சி, காலைல ஏதாவது சாப்பிட்டியளா"ன்னு கேக்கான்.

நீங்களும் சிரிக்கிய. சிரிங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

என் பேரு சொரிமுத்து. தலைவர்ங்கிறது என் வீட்டுக்காரி உலகம்மா. சர்க்கார் பதிவுல அவ பேருதான் இருக்கு. ஆனா மூணு வருசமா தலைவர் வேலைய முழுசாப் பாத்தது நான். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டியன்னா மத்தது எல்லாம் தானா வெளங்கிரும்.

எங்க ஊர்க் குளத்துக்கு நங்கைமார் குளம்னு பேரு. அந்தத் தண்ணிய நம்பி வயல் வச்சிருக்கவங்க எல்லாரும் சேந்ததுதான் சங்கம். நாங்களாச் சேந்து வச்சதுன்னு நெனைச்சிராதிய. சட்டம் போட்டு உண்டாக்குனது. பஞ்சாயத்துக்கு ரோடு, லைட்டு, சாக்கடைன்னு ஆயிரம் சோலி. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, குளத்துத் தண்ணி. ஆனா அந்த ஒண்ணுல எங்களுக்கு இருக்க அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கெடையாது பாத்துக்கிடுங்க. மடைய எப்பத் திறக்க, எப்ப அடைக்க, யாருக்கு முதல்ல, யாருக்குப் பொறவு, வாய்க்கால மறிச்சவனை என்ன செய்ய, எல்லாம் சங்கம்தான் தீர்மானிக்கணும்.

இன்னைக்கு வழக்கு என்னன்னா, குளத்துல இனி ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணி கெடக்கு. அந்தத் தண்ணி என் வாழைக்கா, கீழத்தாவுல நிக்க நெல்லுக்கா? இவ்வளவுதான் விஷயம். கீழத்தாவுன்னா வாய்க்காலோட கடைசி. என் வயல் மடைக்கு நேர் கீழ, மொதல் வயல்.

என் வயல்னா, என் மாமனார் குடுத்தது. கல்யாணத்துக்குச் சீதனமா எழுதி வச்சாரு. மகராசன், மருமகன் பேருல எழுதலாம்லா? மக பேருல எழுதிட்டாரு. உழுதது நான், வரப்பு வெட்டுனது நான், உரம் சொமந்தது நான். பட்டா மட்டும் அவ பேருல. அதனால என்ன, வீட்டுக்குள்ள யார் பேருல இருந்தா என்னன்னு நானும் விட்டுட்டேன். அப்பத்தான் சங்கத்துக்குத் தேர்தல் வந்துது. வேட்பு மனு குடுக்கப் போறேன், அங்க உக்காந்திருந்த அதிகாரி பட்டியலைப் பாத்துட்டு, "உங்க பேரு இல்லையே. பட்டா யார் பேருல இருக்கோ அவங்கதான் உறுப்பினர்"ன்னுட்டாரு. ஊர்க்காரன் அத்தனை பேர் முன்னால. எனக்குக் காது சூடாயிட்டு. ஆனா நான் விடுற ஆளா? "அவங்க பேருலயே போடுங்க"ன்னேன். வீட்டுக்கு ஓடியாந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவகிட்ட, "ஏட்டி, இதுல கையெழுத்துப் போடு"ன்னேன். ஈரக் கையைச் சேலையில தொடைச்சுட்டுப் போட்டா. எதிர்த்து நிக்க ஒருத்தனும் வரல. தலைவராயிட்டேன்.

வீட்டு முன்னால ஒரு போர்டு எழுதி மாட்டுனேன். என் பேரு போட்டா சட்டப்படி தப்பு, அவ பேரு போட்டா நல்லா இருக்காது. அதனால "தலைவர் இல்லம்"னு மட்டும் எழுதச் சொன்னேன். போர்டுக்குக் கீழ ஒரு நாற்காலி. வாரவங்க போறவங்க எல்லாம் "தலைவரே"ன்னுதான் கூப்பிட்டாவ. நீங்க வந்திருந்தா நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பிய.

பொறவு தலைவர்மாருக்குப் பயிற்சின்னு ஓலை வந்துது. தலைவர் சார்பா நான் போனேன். பெண் தலைவர்கள் இந்தப் பக்கம் உக்காருங்கன்னு ஒரு வரிசை போட்டிருந்தாவ. அதுல பாதிக்கு மேல மீசை வச்ச ஆளுக. வகுப்பு எடுத்த எஞ்சினியர் எங்களைப் பாத்துட்டு மைக்கை ஒரு தடவை தட்டிப் பாத்துக்கிட்டாரு. அங்க குடுத்ததுதான் இந்தப் புத்தகம். தமிழ்ல இருக்கு. நம்ம ஊருக்குன்னு ஒருத்தன் உக்காந்து எழுதுன மாதிரி இருக்கும் வாசிச்சா. தலைவரின் அதிகாரங்களும் கடமைகளும்னு ஒரு பகுதி இருக்கு. நான் அதிகாரங்கள் முடிய மனப்பாடம் பண்ணிட்டேன்.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன் அண்ணாச்சி. சும்மா மனசுக்குள்ள படிச்சிருந்தா ஒண்ணும் வந்திருக்காது. எனக்குச் சத்தமாப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். சாயங்காலம் அவ உளுந்து பொடைச்சுக்கிட்டு இருப்பா, நான் எதுத்தாப்புல உக்காந்து படிப்பேன். அவ கேக்காளா, கேக்கலையான்னு நான் பாக்கல. நடுவுல எப்பவாவது ஒரு கேள்வி கேப்பா. "தலைவருக்கும் சங்கக் கமிட்டிக்கும் ஒத்து வரலைன்னா?"ம்பா. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம வீட்டுல சட்டத்தைப் பத்திக் கேக்க ஒரு ஆள் இருக்கே. விலாவாரியா எடுத்துச் சொல்லுவேன். அவ மொறத்தை ரெண்டு தட்டு தட்டிட்டு, "ம்"ம்பா.

நான் தலைவரா இருந்து என்ன செஞ்சேன்னு கேப்பிய. மொத உத்தரவே நல்ல உத்தரவு. வாய்க்கால்ல சோப்புப் போட்டுத் துணி துவைக்கக் கூடாது. நோட்டீஸ் எழுதி, உலகம்மாகிட்ட கையெழுத்து வாங்கி, மடைச் சுவர்ல ஒட்டிட்டுத் திரும்புதேன், கீழ படித்துறையில ஒருத்தி துணியை அடிச்சுக்கிட்டு இருக்கா. யாருன்னு பாத்தா என் வீட்டுக்காரி. "ஏட்டி, இப்பத்தானே கையெழுத்துப் போட்டே?"ன்னேன். "அது என்னன்னு நீங்க சொல்லலையே"ன்னா. அன்னையிலேருந்து வீட்டுக்குப் பின்னால கல்லு போட்டுக் குடுத்தேன். தண்ணி தெருக் குழாயிலேருந்து சொமந்து வந்து துவைச்சா. நல்ல பொம்பளை, நான் இல்லைன்னு சொல்லல.

இப்ப இந்த வருசத்துக்கு வருவோம். மழையை நம்பி பிசானப் போகத்துக்கு நெல்லு போட்டோம். ஐப்பசி மழை ஏமாத்திட்டு, கார்த்திகையில ரெண்டு தூத்தல். குளம் பாதி கூடப் பெருகல. இந்த மாதிரித் தண்ணி பத்தாத வருசத்துக்கு எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கடைமடைக்கு முதல்ல தண்ணி. கீழத்தாவு நனைஞ்ச பொறவு அடுத்த வயல், அப்படியே மேல ஏறி வந்து கடைசியில மடைக்குக் கீழ இருக்கவனுக்கு. மேல இருக்கவனுக்குத்தான் குளத்துக் கசிவு இருக்கே, அவன் தாங்குவான்னு அந்தக் காலத்து ஆளுக வச்சது. எழுத்துல எங்கயும் கெடையாது. நான் புத்தகத்தை மூணு தடவை தேடிப் பாத்துட்டேன். கடைமடை முதல்னு ஒரு வரி கெடையாது. நீர்ப் பங்கீட்டைச் சங்கம் தீர்மானிக்கும்னுதான் இருக்கு. சட்டத்துல இல்லாத வழக்கத்துக்கு நாம ஏன் தலை குனியணும்? நீங்களே சொல்லுங்க.

என் வயல்ல பாதிக்கு வாழை வச்சிருக்கேன். ஏத்தன் வாழை. நெல்லு வயல்ல வாழை வைக்கக் கூடாதுன்னு சில பேரு பேசுனாவ. வாழைக்குத் தண்ணி ஜாஸ்தி வேணுமாம். வேணும்தான், அதுக்கு நான் என்ன செய்ய, வாழையோட சுபாவம் அது. கமிட்டியைக் கூட்டுனேன். கமிட்டிக் கூட்டம் எப்பவும் என் வீட்டுலதான். மேல் வயக்காரங்களுக்குச் சொல்லி விடுவேன், காப்பி வச்சு முடிச்சுருவோம். கீழத்தாவு உறுப்பினருக்குச் சொல்ல எப்படியோ மறந்து போயிரும். தூரம்லா. "இந்த ஆண்டு மேல்மடையிலிருந்து நீர் வழங்கப்படும்"னு தீர்மானம். உள்ள கொண்டு போயி நீட்டுனேன், போட்டா கையெழுத்து. வழக்கம்தானே.

ஒரு வாரம் போயிருக்கும், கீழத்தாவுலேருந்து தேவஇரக்கம் வந்தா. புருசன் கேரளாவுல கட்டட வேலைக்குப் போனவன், அவதான் ஒத்தையில வெவசாயம் பாக்கா. நான் போர்டுக்குக் கீழ நாற்காலியில இருக்கேன். "வா தாயி, என்ன விஷயம்"னேன். "அண்ணாச்சி, நான் தலைவரைப் பாக்க வந்தேன்"ன்னா. "சொல்லு"ன்னேன். "உலகம்மாக்காவ"ன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. என்னையத் தாண்டி உள்ள போயிட்டா, ரெண்டு பேரும் பேசுதாவ. எனக்கு வாசல்ல இருந்தே கேக்கு. தேவஇரக்கம் அழுதான்னு சொல்ல முடியாது, அழுகுற மாதிரிப் பேசுனா. "கதிரு பால் பிடிக்க நேரம்க்கா. இந்தத் தண்ணி கெடைக்கலைன்னா பூரா பதராப் போயிரும். நகையை வச்சுத்தான் நட்டேன். தீர்மானத்துல கையெழுத்து நீங்கதான் போட்டியளாமே?"ன்னா. உலகம்மா, "நான்தான் போட்டேன்"ன்னா. "வாசிச்சுப் பாத்தியளா"ன்னு அவ கேட்டா. சொம்புல தண்ணி மோந்து வைக்கிற சத்தம் கேட்டுது.

அன்னைக்குச் சாயங்காலம் சோறு போட்டுக்கிட்டே கேக்கா, "கமிட்டி தீர்மானத்தைத் தலைவர் மாத்தலாமா?" எனக்குச் சந்தேகமே வரல பாத்துக்கிடுங்க. கேள்வி நல்ல கேள்வி. ஒரு தலைவர்னா தெரிஞ்சிருக்க வேண்டிய கேள்வி. "சாதாரணமா மாத்த முடியாது. ஆனா பயிருக்கு ஆபத்துன்னா, கூட்டம் கூட்ட நேரம் இல்லைன்னா, தலைவர் தன் பொறுப்புல நடவடிக்கை எடுக்கலாம். பொறவு கமிட்டியில வச்சு ஒப்புதல் வாங்கிக்கிடணும்"னேன். "ஒப்புதல் குடுக்கலைன்னா?"ன்னா. "அதுக்குள்ள தண்ணி பாஞ்சிருக்கும்லா"ன்னு சொல்லிச் சிரிச்சேன். நானேதான் சொன்னேன். ரசம் ஊத்துனா, குடிச்சேன்.

மறுநாள் காலைல டீக்கடையில இருக்கேன், நீர்ப்பாய்ச்சி மாடக்கண்ணு சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வாரான். மடை திறந்து அடைக்கதும் வாய்க்கால்ல தண்ணி கட்டுறதும் அவன் வேலை. "அண்ணாச்சி, தலைவர் மடைய திறக்கச் சொல்லுதாவ"ன்னான். "எந்தத் தலைவர்ல? நான் இங்கன இருக்கேன்"ன்னேன். "அதான் நானும் யோசிச்சேன்"ன்னான். டீயை அப்படியே வச்சுட்டு ஓடுனேன்.

கரை மேல நிக்கா. கையில மடைச் சாவி, கட்டிலுக்கு அடியில நான் வச்சிருந்தது. கீழத்தாவு ஆளுக கொஞ்சம் பேரு தள்ளி நிக்காவ. நான் போன வேகத்துல, "ஏட்டி, தீர்மானத்துக்கு விரோதமா நடக்க உனக்கு அதிகாரம் கெடையாது"ன்னேன். அவ சத்தம் போடல. "அவசரம்னா உண்டுன்னு நேத்து நீங்கதானே சொன்னிய"ன்னா. "அவசரம்னா என்னன்னு தெரியுமாட்டி உனக்கு?"ன்னேன். "தேவஇரக்கம் வயலைப் பாத்துட்டுத்தான் வாரேன். மண்ணு வெடிச்சு விரிசல்ல என் கை உள்ள போவுது"ன்னா. மாடக்கண்ணு நடுவுல நின்னுக்கிட்டு, "நான் யார் சொல்லக் கேக்க?"ன்னு என்னையப் பாக்கான். கரையில நின்ன எல்லாரும் என்னையத்தான் பாக்காவ. ஏன்னா சட்டம் தெரிஞ்சவன் அந்த இடத்துல நான் ஒருத்தன்தானே.

என்ன சொல்ல? "தலைவர் சொன்னதைக் கேளு"ன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுதிய, அதுதான் சட்டம்.

தண்ணி கீழத்தாவு போயிட்டு. என் வாழையைத் தாண்டித்தான் போச்சு, நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வழியில ஒருத்தனும் மறிக்கல, ஒரு வாய் தண்ணி கூட எடுக்கல. மேல் வயக்காரங்க, என் வீட்டுல காப்பி குடிச்சுத் தீர்மானம் போட்ட அதே ஆளுக, வரப்புல நின்னு, "போகட்டும், போகட்டும்"ங்காவ. இவங்களுக்கு என்னன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

மத்தியானம் வீட்டுக்குப் போறேன், எப்பவும் போல இலை போட்டுத் தண்ணி வச்சிருக்கா. கத்தரிக்காய்ப் புளிக்கறி, எனக்குப் பிடிக்கும்னு வச்சது. சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்கு அழுகையே வந்துட்டு. சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். நீ என்ன பெரிய இவளான்னு கேட்டிருப்பேன். அவ மறுசோறு வேணுமான்னு கேக்கா. மனுசனுக்கு இதை விட அவமானம் வேற உண்டா?

பொறவு ஒப்புதல் வாங்கணும்லா, கமிட்டியைக் கூட்டுனா. கீழத்தாவு உறுப்பினர் எல்லாருக்கும் ஆள் விட்டுச் சொல்லிட்டா. மொதத் தடவையா எல்லாரும் வந்திருக்காவ, வீடு கொள்ளல. எனக்கு உக்கார எடம் இல்லாம நான் கதவுப் பக்கம் நின்னேன். உறுப்பினர் அல்லாதவர் பேசக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. யாரும் சொல்லல, எனக்கே தெரியும்லா, அதான் பேசல. தலைவர் செஞ்சது சரின்னு ஒரே மனசாத் தீர்மானம். காப்பி கொண்டாந்து குடுத்தது யாருன்னு நெனைக்கிய? நான்தான். அவ எந்திரிக்க முடியாதே, தலைமை தாங்குதால்லா.

அதுக்குப் பொறவு என் வீட்டு வாசல் எனக்கே அந்நியமாப் போச்சு. வாரவன் எல்லாம், "தலைவரம்மா இருக்காவளா?"ங்கான். நாற்காலியில நான் இருக்கேன், தலைக்கு மேல நான் எழுதுன போர்டு. எந்திரிச்சு உள்ள போயி, "ஏட்டி, உன்னையத் தேடி வந்திருக்காவ"ங்கேன். வாய்க்கால்ல துணி துவைக்கலாமான்னு கேட்டு ஒரு கூட்டம் வந்துது. சோப்புப் போடாம, மடைக்குக் கீழ அம்பது அடி தள்ளித் துவைச்சுக்கோங்கன்னுட்டா. என் உத்தரவை அவ ரத்துப் பண்ணல பாத்துக்கிடுங்க, திருத்தம் பண்ணுனா. அது வரைக்கும் புத்திசாலிதான்.

இப்பக் கடைசித் தண்ணி. இது பாஞ்சா நெல்லு வெளஞ்சிரும், இல்லைன்னா பாதியில நின்னுரும். இந்தத் தண்ணியும் கீழத்தாவுக்கு முதல்லன்னு சொல்லிட்டா. கீழத்தாவு குடிச்ச பொறவு மேல என்ன மிஞ்சும்? அதான் நான் முடிவு பண்ணிட்டேன், மனுதான் வழின்னு. தலைவர் அதிகாரத்தை மீறிட்டாங்க, அவங்களை நீக்கணும், அதுவரைக்கும் மடைய அடைச்சு வைக்கணும். ஆனா மனு குடுக்கதுன்னா உறுப்பினர் குடுத்தாத்தான் செல்லும். உறுப்பினர் யாரு? அவதான்.

சிரிக்காதிய அண்ணாச்சி, எனக்கு வேற வழி இல்ல. நேத்து ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டு போயி, "இதுல அடியில ஒரு கையெழுத்துப் போடு"ன்னேன். முந்தி எல்லாம் கேக்காமப் போடுவா. இப்பக் கேக்கா, "என்னது?"ன்னு. நான் பொய் சொல்லுத ஆள் கெடையாது. "தலைவரை நீக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு"ன்னேன். என் மொகத்தையே பாத்தா. கோவப்படுவான்னு நெனைச்சேன், அதுக்குத்தான் காத்துக்கிட்டே இருந்தேன். "எந்த எடத்துல போடணும்?"ன்னா. காட்டுனேன், போட்டா. போட்டுட்டு, "திங்கக்கிழமை கூட்டமா இருக்கும், வெளிய திங்காதிய, வயித்துக்கு ஒத்துக்கிடாது, சோறு கட்டித் தாரேன்"ன்னா.

இதைச் சொல்லித்தான் அந்த வேப்பமரத்தடிக்காரனை எழுத வச்சேன். எழுதி முடிச்சுட்டு, "அண்ணாச்சி, புகார் குடுக்கதும் அவங்க, புகார் இருக்கதும் அவங்க மேல. நீங்க இதுல எங்க வாறிய?"ன்னு கேக்கான்.

இருங்க, போன் அடிக்கி. அவதான்.

ம், சொல்லு. இல்ல, இன்னும் குடுக்கல, வரிசையில நிக்கேன். ம். சாப்பிடல, நேரம் ஆகல. எங்க நிக்கே நீ? காத்து அடிக்கி, சத்தமாச் சொல்லு. ம். ம். இரு, இரு, அவசரப்படாத, நிதானமாக் கேளு. மனு குடுத்தா உடனே பதவி போயிருமா? போகாது. மனு வேற, உத்தரவு வேற. மனுவைப் பதிஞ்சு, விசாரிச்சு, உங்கிட்ட விளக்கம் கேட்டு, பொறவு உத்தரவு போடணும். அந்த உத்தரவு உன் கைக்கு வர்ற நிமிசம் வரைக்கும் நீ தலைவர்தான். முழு அதிகாரமும் உண்டு. ஆமா, அதுவும் உண்டு. யாரும் கேக்க முடியாது. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத, சட்டத்துல இருக்குன்னு சொல்லு. பக்கம் வேணுமா? இரு, கண்ணாடி போட்டுக்கிடுதேன். கடைசிக்கு முந்துன பகுதி. மாடக்கண்ணுகிட்ட சொல்லு, ஒரேயடியாத் தூக்க வேண்டாம், கரை பழசு, கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கச் சொல்லு. சரி. சரி, வை.

என்ன கேட்டான்னு தெரிஞ்சுட்டா உங்களுக்கு? மடை மேல நிக்காளாம். கீழத்தாவு ஆளுக மம்பட்டியோட நிக்காவளாம். எவனோ ஒருத்தன் சொல்லிட்டானாம், உன் மேல மனு போயிருக்கு, இனி நீ மடையத் தொடக் கூடாதுன்னு. "எனக்குத் திறக்க அதிகாரம் இருக்கா, இல்லையா, தெரிஞ்சுக்கிட்டுத் திறக்கேன்"ங்கா. யார்கிட்ட கேக்கா பாத்தியளா? எஞ்சினியர் நம்பர் அவகிட்ட இருக்கு. கேக்கலாம்லா. என்கிட்டதான் கேக்கா.

இல்ல, நீங்க சொல்லுதது எனக்கும் தெரியுது. என் மனுவுக்கு நானே குழி பறிச்சுட்டேன்னு சொல்லுதிய. அப்படி இல்ல அண்ணாச்சி. கேட்டது சட்டக் கேள்வி. அதுக்குத் தப்பாப் பதில் சொல்ல முடியுமா? தப்பாச் சொன்னா அப்புறம் நான் யாரு?

வாழையா? வாழைக்கு என்ன. வாழை தாங்கும், குளத்துக் கசிவுல ஒரு மாசம் கூடத் தாங்கும். குலை கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். நெல்லுதான் தாங்காது. இந்த வாரம் விட்டா போச்சு.

வரிசை நகருது, போங்க நீங்க. இல்ல, எனக்கு முன்னாலயே போங்க. நான் சட்டப்படிதான் சொல்லுதேன். அவ இன்னும் திறக்கவே இல்ல. நடக்காத குத்தத்துக்கு மனு குடுத்தா மொத விசாரணையிலேயே தள்ளிருவாவ. திறக்கட்டும். தண்ணி பூரா கீழத்தாவு போயிச் சேரட்டும். பொறவு குடுத்தாத்தான் மனு நிக்கும். சாயங்காலம் ஆயிரும் போய்ச் சேர. மனு வாங்குற ஜன்னலை அடைச்சிருவாவளா? அடைச்சா அடைக்கட்டும், அடுத்த திங்கக்கிழமை இல்லையா?

ஏம்மா, நீங்களும் வாங்க, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பிய. முன்னால போங்க, போங்க. நான் இங்கன ஓரமா நின்னுக்கிடுதேன்.